பச்சைக் குழந்தைக்கும் இனிப்புநீரா?

தோட்டப்புறத்தில் இனிப்புநீர் என்ற சொல்லைக் கேட்டிராத வீடு இல்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்தில் ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்தப் பக்கம் போனாலும் இதே பேச்சுதான். (2007ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் நம்மவர் வாயில் இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) தாத்தாவுக்குக் காலில் புண் ஆறவில்லை, பாட்டிக்குக் கண் மங்குகிறது, கல்யாண வீட்டில் பாயசத்தைத் தள்ளி வைக்கிறார்கள். "சீனி ஏறிப் போச்சுங்க" என்று சொல்வது இப்போதெல்லாம் "மழை வருதுங்க" என்று சொல்வது போல ஆகிவிட்டது.

ஆனால் தொட்டிலில் கிடக்கிற பச்சை மண்ணுக்கு, பிறந்து இருபது நாள்கூட ஆகாத குழந்தைக்கு, இனிப்புநீர் வரும் என்று சொல்லிப் பாருங்கள். "என்னாங்க கதை விடுறீங்க, அது சோறா தின்னுச்சு, சீனியா தின்னுச்சு?" என்றுதான் கேட்பார்கள். கதையல்ல. வருகிறது. இலட்சம் குழந்தைகள் பிறந்தால் அதில் ஒன்றுக்கு வரும் என்பது மருத்துவர்களின் கணக்கு. நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் நான்கு இலட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. ஆகவே ஆண்டுதோறும் நாலைந்து வீடுகளில் இது நடக்கிறது என்று வைத்துக் கொள்ளலாம்.

நாலைந்து வீட்டுக்காக ஒரு கட்டுரையா என்று கேட்கத் தோன்றும். காரணம் உண்டு. அந்த நாலைந்தில் சில குழந்தைகளுக்கு நோய் கணையத்தோடு நிற்பதில்லை, மூளைக்கும் போகிறது. நாள் கடத்தினால் உயிர் போகலாம். உயிர் பிழைத்தாலும் அறிவு வளர்ச்சி குன்றலாம். நேரத்தோடு கண்டுபிடித்தாலோ, அவர்களில் பலருக்கு ஒரு பழைய மாத்திரையே போதும். அந்த மாத்திரை ஒருவேளை இந்த நேரத்தில் உங்கள் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில், பாட்டியின் மருந்துப் பொட்டலத்தில்கூட இருக்கலாம். அவசரப்பட்டு எடுத்து விடாதீர்கள். முழுவதையும் படித்து விடுங்கள்.

மாந்தமா, தோஷமா?

முதலில் குழந்தை எப்படி இருக்கும் என்று பார்ப்போம். இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் எடை குறைவாகவே பிறக்கின்றன. வயிற்றில் இருக்கும்போது குழந்தையைக் கொழுக்க வைப்பது அதன் சொந்த இன்சுலின்தான். அது சரியாகச் சுரக்காததால் மாதம் நிறைந்து பிறந்தும் இரண்டு கிலோ, இரண்டே கால் கிலோ என்று இருக்கும். பிறகு பால் நன்றாகக் குடிக்கும். குடித்தும் உடம்பு தேறாது. துணி மாற்றி முடியாது. மாற்றிய அடுத்த நிமிடம் நனைத்துவிடும். நாக்கு காய்ந்து போகும். உச்சிக்குழி உள்வாங்கும். அப்புறம் பால் குடிப்பதும் குறையும், துவண்டு போகும், மூச்சு வேகமாக, ஆழமாக வாங்கும். சில குழந்தைகளுக்குக் கை கால் வெட்டி இழுக்கும்.

இப்போது ஒரு லயத்து வீட்டை நினைத்துப் பாருங்கள். குழந்தை துவண்டு கிடக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்து "மாந்தம்டி, வசம்பைச் சுட்டு நாக்குல தேய்" என்கிறார். மாமியார் "தீட்டுக்காரி யாரோ பார்த்துட்டா, தோஷம்" என்கிறார். இழுப்பு வந்தால் "ஜன்னி" என்று ஒரு பெயர். சாமியாடியிடம் தூக்கிக்கொண்டு போய் மந்திரித்து, கறுப்புக் கயிறு கட்டி, மூன்று நாள் பார்ப்போம் என்று முடிவாகும். அந்த மூன்று நாள்தான் எமன்.

நாம் யாரையும் பழிக்கவில்லை. நாமும் அப்படி வளர்ந்தவர்தான். பால்மரக் காலத்தில் தாய்மார் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் கிடக்கும். நாம் சிறுவனாக இருந்த தோட்டத்தில் அந்த ஆயாம்மா ஒருநாள், "இந்தப் புள்ள துணியில மட்டும் எறும்பு மொய்க்குது, என்னான்னு தெரியல" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் குழந்தை தீபாவளிக்கு முன்பே போய்விட்டது. மாந்தம் என்றார்கள். புதைத்துவிட்டு வந்தார்கள். அது இந்த நோய்தானா என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அந்த எறும்பைப் பற்றி ஆயாம்மாவிடம் ஒருவரும் மறுகேள்வி கேட்கவில்லை.

குதிங்காலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம். ஒரு நிமிடம்கூட ஆகாது, சீனி அளவு தெரிந்துவிடும். பாட்டி வீட்டில் வைத்திருக்கிறாரே, அதே மாதிரியான சின்னக் கருவிதான். குழந்தைக்கு அளவு மிக ஏறியிருந்தால் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற நோயல்ல.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் தாய்க்குச் சீனி ஏறுவது இப்போது நம் பெண்களிடையே அதிகம். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்கும் குழந்தை குண்டாகப் பிறக்கும். பிறந்தவுடன் அதற்குச் சீனி இறங்கும், ஏறாது. நாம் பேசுகிற நோய் அதற்கு நேர் எதிர். குழந்தை மெலிந்து பிறக்கும், சீனி ஏறும். "அம்மா மாசமா இருக்கும்போது இனிப்பு தின்னா, அதான் புள்ளைக்கு" என்று மருமகளைக் குத்திக் காட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மருமகள் தின்ற லட்டுக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமே இல்லை.

கடல் ஏறும்போது மூடாத கதவு

அப்படியானால் எதனால் வருகிறது? மரபணுக் கோளாறால் வருகிறது. மரபணு என்பது உடம்பைக் கட்டுவதற்கான எழுத்து. கோடிக்கணக்கான எழுத்தில் ஒரே ஓர் எழுத்து பிசகினால்கூடச் சில சமயம் போதும்.

கோல சிலாங்கூர், ஜெராம் கரையோரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அங்கே கடலோரம் மண்கரை போட்டிருக்கும். நடுவில் தண்ணீர்க் கதவு இருக்கும். கடல் வற்றும்போது கதவு திறந்திருக்கும், காட்டுத் தண்ணீர் வெளியே போகும். கடல் ஏறும்போது கதவு மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே புகுந்து செம்பனையைக் கெடுத்துவிடும்.

நம் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் ஒவ்வோர் உயிரணுவிலும் இப்படிக் கதவுகள் உண்டு. சாதாரண நேரத்தில் கதவு திறந்து, பொட்டாசியம் என்ற உப்பு வெளியே கசிந்துகொண்டிருக்கும். நாம் சாப்பிட்டு இரத்தத்தில் சீனி ஏறினால் கதவு மூடிக்கொள்ளும். மூடியதும் உயிரணுவின் மின்சார நிலை மாறி, சுண்ணாம்புச் சத்து உள்ளே பாயும், உள்ளே சேமித்து வைத்த இன்சுலின் வெளியே வரும். சீனி ஏறும்போது இந்தக் கதவு மூடுகிறது என்பதை 1984ஆம் ஆண்டில் கண்டறிந்து சொன்னவர் இங்கிலாந்தின் பிரான்சஸ் ஆஷ்கிராஃப்ட் என்ற அம்மையார்.

இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் கதவு துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுவிடுகிறது. சீனி எவ்வளவு ஏறினாலும் மூடாது. இன்சுலின் உள்ளே இருக்கிறது. வெளியே வர வழியில்லை. கடையில் அரிசி மூட்டை அடுக்கியிருக்க, கடைக்காரர் சாவியைத் தொலைத்த கதை.

சரி, மூளைக்கு எப்படிப் போகிறது? இதே கதவு கணையத்தில் மட்டும் இல்லை. மூளையிலும் உண்டு, நரம்பிலும் உண்டு, தசையிலும் உண்டு. கதவைக் கட்டுகிற எழுத்தே பிசகிவிட்டதால் எல்லா இடத்துக் கதவும் கெட்டுப் போகிறது. பிசகு லேசாக இருந்தால் இனிப்புநீர் மட்டும் தெரியும். கொஞ்சம் கடுமையாக இருந்தால் கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது, பேசுவது எல்லாமே தாமதமாகும். தசையில் பலமிருக்காது. மிகக் கடுமையாக இருந்தால் சில மாதத்திலேயே வலிப்பும் சேர்ந்துகொள்ளும். வளர்ச்சித் தாமதம், வலிப்பு, பிறவி இனிப்புநீர் மூன்றும் சேர்ந்த இந்த நிலையை மருத்துவர்கள் 'டெண்ட்' என்று சொல்கிறார்கள். கதவுக் கோளாறு உள்ள குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்காவது மூளைக் குறைபாடு வெளிப்படையாகத் தெரியும். மற்றவர்களிடமும் கூர்ந்து பார்த்தால் கவனம் நில்லாமை, கை வேலையில் தடுமாற்றம், பள்ளிப் பாடத்தில் பின்தங்கல் என்று சிறு சிறு குறைகள் தென்படுகின்றன. தமிழ்ப் பள்ளியில் கடைசி வரிசையில் உட்கார வைத்து "மக்கு" என்று பெயர் கொடுக்கிற பிள்ளைகளில் இப்படியும் ஒன்று இருக்கக்கூடும் அல்லவா?

பாட்டியின் மாத்திரை

நோய் கதவில் இருக்கிறது என்பது 2004இல்தான் தெளிவாகத் தெரிந்தது. இங்கிலாந்தில் எக்ஸிட்டர் என்ற ஊரில் டாக்டர் ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி குழுவினர், அன்னா குளோயின் முதலானோர், கே.சி.என்.ஜே.11 என்ற மரபணுவில் பிசகு இருப்பதைக் கண்டு எழுதினார்கள். பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கதவின் ஒரு பாகத்தைச் செய்வது இந்த மரபணு. இன்னொரு பாகத்தைச் செய்வது ஏ.பி.சி.சி.8 என்ற மற்றொன்று.

அதுவரை இந்தக் குழந்தைகளுக்கு ஆயுள் முழுவதும் ஊசிதான் என்று இருந்தது. மூன்று கிலோ குழந்தைக்கு இன்சுலின் போடுவது என்ன சாதாரண காரியமா? பெரியவர்களுக்கு இருபது, முப்பது யூனிட் போடுகிற மருந்தில் இதற்கு அரை யூனிட், ஒரு யூனிட். ஒரு துளி கூடினால் சீனி தடாலென்று இறங்கும். இறங்கினாலும் மூளைக்கு ஆபத்து, ஏறினாலும் ஆபத்து.

கதவுதான் கோளாறு என்று தெரிந்தவுடன் ஒரு யோசனை பிறந்தது. கிளிபென்கிளமைட் என்று ஒரு மாத்திரை உண்டு. நம் ஊர் கிளினிக்குகளில் 'டயோனில்' என்ற பெயரில் பாட்டிமார் பல காலம் வாங்கி விழுங்கியது இதுதான். 1960களின் கடைசியிலிருந்து விற்பனையில் இருக்கும் மலிவான மருந்து. அது வேலை செய்கிற விதமே, அந்தக் கதவைப் பிடித்து இழுத்து மூடுவதுதான்! சீனியால் மூட முடியாத கதவை மாத்திரை வேறு பக்கமாகத் தள்ளி மூடிவிடுகிறது. கொடுத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த முடிவின்படி, கே.சி.என்.ஜே.11 கோளாறுள்ள 49 பேரில் 44 பேர் இன்சுலின் ஊசியை அடியோடு விட்டுவிட்டார்கள். அதில் கைக்குழந்தையும் உண்டு, பல வருடம் ஊசி போட்டுக்கொண்டிருந்த பெரியவர்களும் உண்டு. அதோடு நிற்கவில்லை. 81 பேரைப் பத்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 2018இல் எழுதினார்கள். 75 பேர் அப்போதும் ஊசியில்லாமல் மாத்திரையிலேயே நல்லபடியாக இருந்தார்கள்.

மூளைக்கு என்ன பலன்? இங்கேதான் நேரம் என்பது முக்கியமாகிறது. மாத்திரை தொடங்கிய பிறகு பல பிள்ளைகளுக்கு வலிப்பு குறைந்திருக்கிறது, தசை பலப்பட்டிருக்கிறது, நடக்காதது நடந்திருக்கிறது, பேச்சு தெளிந்திருக்கிறது. ஆனால் முற்றாகக் குணமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. மருந்து மூளைக்குள் போய்ச் சேருவது குறைவு. பிள்ளை வளர்ந்த பிறகு கொடுப்பதைவிடக் கைக்குழந்தையாக இருக்கும்போதே கொடுத்தால் பலன் அதிகம் என்பது இதுவரை கண்ட அனுபவம். சீனியை எந்த வயதிலும் அடக்கலாம். மூளை வளர்கிற காலம் திரும்பி வராது.

இப்போது அந்தப் பொட்டலத்துக்கு வருவோம். பாட்டியின் மாத்திரையைத் தேன் குழைத்துக் குழந்தைக்குக் கொடுத்தால் என்ன என்று யாராவது நினைத்தால், தயவு செய்து வேண்டாம். மாத்திரை கேட்கிற குழந்தை வேறு, கேட்காத குழந்தை வேறு. நோயில்லாத குழந்தைக்குக் கொடுத்தால் சீனி இறங்கிச் செத்தே போகும். நோயுள்ள குழந்தைக்கும் அளவு எடைக்கு எடை கணக்கிட்டது. பெரியவர்கள் அளவோடு ஒப்பிட்டால் அது மிக அதிகம். ஆஸ்பத்திரியில் வைத்து, நாளுக்குப் பலமுறை சீனி பார்த்து, ஊசியைக் குறைத்துக்கொண்டே மாத்திரையைக் கூட்டுவார்கள். சின்னஞ்சிறு குழந்தைக்கு மாத்திரையைத் தூளாக்கித் தண்ணீரில் கலந்து தருவார்கள். ஐரோப்பாவில் குழந்தைகளுக்கென்றே திரவ மருந்தாக 2018இல் அனுமதி கொடுத்திருக்கிறார்கள்.

எழும்பூரில் கண்டது

இது வெள்ளைக்காரன் நோய், நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. சென்னையில் டாக்டர் வி. மோகன் நடத்தும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனில் ராதா வெங்கடேசன் அம்மையாரின் மரபணுப் பிரிவு, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி மருத்துவர்களோடு சேர்ந்து இப்படிப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்து வந்திருக்கிறது. 2013இல் அவர்கள் எழுதிய ஆய்வில் இந்தக் கதவு மரபணுக்களில் பிசகுள்ள குழந்தைகளும் இருந்தார்கள். இன்சுலினைச் செய்கிற மரபணுவிலேயே பிசகுள்ளவர்களும் இருந்தார்கள். ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறிய பிள்ளைகள் இந்தியாவிலும் உண்டு. அவர்கள் தாத்தாவும் நம் தாத்தாவும் ஒரே ஊர்ப் பக்கத்தில் கப்பல் ஏறுமுன் ஒரே ஆற்றில் குளித்தவர்கள்தான்.

எழும்பூரில் கண்ட இன்னொரு வகையையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும். 'வால்காட் ராலிசன்' என்று ஒரு நோய். 1972இல் முதலில் எழுதப்பட்டது. இதிலும் குழந்தைக்குச் சில வாரத்தில் இனிப்புநீர் வரும். பிறகு எலும்பு வளர்ச்சி கெடும். சாதாரண காய்ச்சலில்கூட ஈரல் திடீரென்று செயலிழக்கும். சிலருக்கு அறிவு வளர்ச்சியும் குன்றும். மாத்திரைக்கு இது கட்டுப்படாது, ஊசிதான். இது வருவதற்குத் தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் அதே பிசகு குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். இருவரும் ஒரே இரத்தமாக இருந்தால் அப்படிச் சேருகிற வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் பிறவி இனிப்புநீருக்கு இதுவே முதல் காரணமாகக் காணப்படுகிறது.

தாய்மாமனுக்குப் பெண்ணைக் கொடுப்பது நம் வழக்கம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் நெருங்கிய உறவில் மணம் கூடாது என்று சொல்லிவிட்டு, இந்துக்கள் வழக்கப்படி அக்காள் தங்கை மகளை மணப்பதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த சட்டம் அது. சட்டம் விட்டுக் கொடுத்ததை நாம் ஏன் பறிக்க வேண்டும்? மாமனைக் கட்டிய வீட்டிலெல்லாம் குழந்தைக்கு நோய் வருகிறது என்றும் சொல்லவில்லை. பெரும்பாலான வீட்டில் ஒன்றும் வருவதில்லை. ஆனால் அப்படி மணந்த வீட்டில் ஒரு குழந்தை இந்த நோயோடு பிறந்துவிட்டால், அடுத்த ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு அபாயம் உண்டு. அடுத்த குழந்தைக்கு முன் மருத்துவரிடம் பேச வேண்டும். "முதல் புள்ளையை மாரியாத்தா எடுத்துக்கிட்டா, அடுத்தது தங்கும்" என்று மறுபடியும் இறங்குவது சரியல்ல.

கதவுக் கோளாறோ வேறு மாதிரி. அது பெரும்பாலும் பெற்றோரிடம் இருப்பதில்லை. குழந்தை உருவாகும்போது புதிதாக நேர்ந்த எழுத்துப் பிழை. தாய் வீட்டு இரத்தமுமில்லை, தகப்பன் வீட்டு இரத்தமுமில்லை. "எங்க வம்சத்துல இல்லாத நோய், இவ கொண்டாந்துட்டா" என்று பெண்ணைத் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற மாமியார்களுக்கு இதை யாராவது படித்துக் காட்டினால் நல்லது. ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து, மணமாகிப் பிள்ளை பெறும்போது பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அன்றைக்குப் பிறந்த நாளிலேயே பார்த்துவிடலாம்.

தானாக மறைந்து போகிற ஒரு வகையும் இருக்கிறது. ஆறாவது குரோமோசோமில் ஏற்படும் கோளாறு. சில மாதத்தில் சீனி சரியாகிவிடும், ஊசியும் வேண்டாம். "சாமி காப்பாத்திடுச்சு" என்று எல்லாரும் மறந்துவிடுவார்கள். பாதிப் பேருக்காவது இளவயதில் மறுபடி வரும். மறந்து விடாமல் அட்டையில் எழுதி வைக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் என்ன கேட்பது?

பழைய தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் டிரெஸ்ஸர் ஐயாக்களும் பெரும்பாலும் போய்விட்டார்கள். கோல சிலாங்கூர் மாவட்டத்துக்குத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி இருக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தார் சுங்கை பூலோவுக்கும், உலு சிலாங்கூர்த் தோட்டத்தார் கோல குபு பாருவுக்கும், ஜெராம் பக்கத்தார் கிள்ளானுக்கும் போகிறார்கள். பிரசவமான பிறகு அரசாங்க கிளினிக்கிலிருந்து மிஸ்ஸி வீட்டுக்கு வந்து பார்ப்பார். வரும்போது குழந்தையின் எடைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, துணி எத்தனை தடவை நனைகிறது, பால் குடித்தும் எடை ஏறவில்லை என்று வாய் திறந்து சொல்ல வேண்டும். கைகட்டி நின்று "எல்லாம் நல்லாருக்கு மிஸ்ஸி" என்று சொல்லி அனுப்பிவிடுகிற பழக்கம் நம்மிடம் ரொம்பக் காலமாக இருக்கிறது. இழுப்பு வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினால், "சீனி பாத்தாச்சா டாக்டர்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதற்குக் காசில்லை.

சீனி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அடுத்த கேள்வி, "ஜீன் டெஸ்ட்டுக்கு இரத்தம் அனுப்பியாச்சா?" ஆறு மாதத்துக்குள் இனிப்புநீர் கண்ட எந்தக் குழந்தைக்கும் உடனே மரபணுச் சோதனை செய்ய வேண்டும் என்பது உலகமெங்கும் ஒத்துக்கொண்ட முறை. குறை மாதத்தில் பிறந்த குழந்தைக்கும், கடும் நோயில் கிடக்கும் குழந்தைக்கும் சில நாள் சீனி ஏறி இறங்குவதுண்டு; அதைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனை, புத்ராஜெயா மருத்துவமனை போன்ற இடங்களில் குழந்தைகளுக்கான சுரப்பி நோய் நிபுணர்கள் இருக்கிறார்கள். அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. எக்ஸிட்டரில் இந்தச் சோதனைக்கென்றே கூடம் இருக்கிறது. 79 நாடுகளிலிருந்து வந்த 1020 பேரின் இரத்தத்தைப் பார்த்து, நூற்றுக்கு 82 பேருக்குக் காரணம் கண்டுபிடித்ததாக 2015இல் எழுதினார்கள்.

சோதனை முடிவு வரும் வரை ஊசிதான். ஊசி போடுகிற வீட்டுக்குச் சில வார்த்தை. 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுமுறை 98 நாள். அது முடிந்ததும் தாய் வேலைக்குப் போய்விட்டால் குழந்தை பாட்டியிடம்தான். ஆகவே ஆஸ்பத்திரியில் ஊசி போடச் சொல்லிக் கொடுக்கும்போது தாயோடு பாட்டியும் போக வேண்டும். எழுத்துத் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். பால் கணக்கை வாயாலேயே போட்டு வைத்திருந்த தலைமுறை அது, ஊசிக் கோடு பார்க்கத் தெரியாதா? இன்சுலினை ஐஸ்பெட்டியில் வைக்க வேண்டும், ஐஸ் உறைகிற தட்டில் அல்ல. குழந்தை பால் குடிக்கவில்லையென்றால், எவ்வளவு ஊசி என்பதை ஆஸ்பத்திரியைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும். வேர்த்துக் கொட்டி, உடம்பு சில்லிட்டு, நடுங்கினால் சீனி இறங்கிவிட்டது என்று அர்த்தம், காத்திருக்கக் கூடாது.

மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சமூக நல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டை எடுத்து, பக்கத்தில் உள்ள சமூக மறுவாழ்வு நிலையத்தில் சேர்த்தால் நடை, பேச்சு, கை வேலை பழக்குவார்கள். அட்டை எடுத்தால் "ஊர் சிரிக்கும்" என்று பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வைக்கிற பெற்றோரை நாம் பார்த்திருக்கிறோம்.

கடைசியாக ஒரு விஷயம். இதைப் படிக்கிறவர்களில் யாருக்காவது, தொட்டில் காலத்திலிருந்து ஊசி போட்டு வளர்ந்த பிள்ளை இருக்கிறதா? இப்போது அதற்குப் பன்னிரண்டு வயதிருக்கலாம், முப்பதும் இருக்கலாம். செம்பனைக் காட்டில் வேலை செய்துகொண்டிருக்கலாம், பூச்சோங்கில் ஃபேக்டரிக்குப் போய்க்கொண்டிருக்கலாம். 2004க்கு முன்பு பிறந்தவர்களுக்கு இந்தச் சோதனையே கிடையாது; "முதல் வகை இனிப்புநீர், ஆயுசுக்கும் ஊசி" என்று எழுதி அனுப்பியிருப்பார்கள். ஆறு மாதத்துக்குள் நோய் கண்டது என்பது நினைவிருந்தால், பழைய அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், மரபணுச் சோதனைக்கு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஊசியை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள். அட்டை தொலைந்திருந்தால், பிறந்த வருடம், பிறந்த ஆஸ்பத்திரி, எத்தனையாவது வாரத்தில் ஊசி தொடங்கினார்கள் என்பதை வீட்டில் வயதானவர்களிடம் கேட்டு ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனாலும் போதும்.